ஜார்ஜியாவை ஆண்ட பாக்ரத்தியோனி குடும்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ஜார்ஜியாவைப் பற்றிப் பேசுகிறோம்?

கருங்கடலுக்குக் கிழக்கே, காக்கசஸ் மலைக்குத் தெற்கே இருக்கும் நாடு. தலைநகர் திபிலிசி. அமெரிக்காவில் இருக்கும் மாநிலம் இல்லை, இங்கிலாந்தை ஆண்ட ஜார்ஜ் மன்னர்களும் இல்லை. அந்த நாட்டுக்காரர்கள் தங்கள் நாட்டை ஜார்ஜியா என்று சொல்வதில்லை, சகார்த்வெலோ என்கிறார்கள். கார்த்வெலிகளின் இடம் என்று பொருள்.

தமிழில் இந்த நாட்டைப் பற்றித் தேடினால் ஸ்டாலின் பிறந்த ஊர் என்பதும், மிஞ்சிப்போனால் தமார் அரசி என்ற பெயரும்தான் வருகிறது. தமாரைச் சொன்னதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. தமாருக்குப் பிறகு இன்னும் 600 வருஷம் அவருடைய அதே பாக்ரத்தியோனி குடும்பம் அந்த மண்ணில் ஆண்டிருக்கிறது, ஒரு பக்கம் பாரசீகம், இன்னொரு பக்கம் துருக்கி, கடைசியில் வடக்கிலிருந்து ரஷ்யா என்று மூன்று பேரரசுகளுக்கு நடுவில். அந்த 600 வருஷத்து மன்னர்களுக்கு இந்தப் பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாகவே இடம் கொடுத்திருக்கிறேன்.

பாக்ரத்தியோனிகளுக்கு முன்னால் யார் ஆண்டார்கள்?

கிழக்கே கார்த்லி (ரோமானியர்கள் இதை ஐபீரியா என்றார்கள், ஸ்பெயினோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்), மேற்கே கொல்கிஸ் என்று இரண்டு பகுதிகள். கார்த்லியின் முதல் மன்னர் என்று பழைய வரலாற்று நூல்கள் சொல்வது பர்னவாஸ் என்பவரை, கிமு 3ஆம் நூற்றாண்டு. பிறகு கோஸ்ரோய்டு வம்சம் வந்தது. அதில் மிரியான் என்ற மன்னர் 4ஆம் நூற்றாண்டில் புனித நீனோவின் போதனையால் கிறிஸ்தவரானார்; உலகிலேயே மிகப் பழைய கிறிஸ்தவ அரசுகளில் ஒன்று அப்படித்தான் உருவானது. 5ஆம் நூற்றாண்டில் வக்தாங் கொர்கசாலி. அவர் வேட்டைக்குப் போனபோது அவருடைய பருந்து ஒரு காட்டுக்கோழியைத் துரத்தி, இரண்டுமாகக் கொதிக்கும் வெந்நீர் ஊற்றில் விழுந்தன, அதைப் பார்த்து அந்த இடத்தில் ஊர் கட்டினார் என்று ஒரு கதை உண்டு. திபிலி என்றால் வெதுவெதுப்பு, ஊர்ப்பெயரே அதிலிருந்து வந்ததுதான். அந்த வெந்நீர்க் குளியலறைகள் திபிலிசியில் இன்றைக்கும் இருக்கின்றன.

6ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரசீகர்கள் கார்த்லியின் மன்னர் பதவியையே ஒழித்துவிட்டார்கள். அப்புறம் அரேபியர்கள் வந்தார்கள், திபிலிசி ஓர் அமீரின் ஊராகிவிட்டது. சொந்த மன்னர் இல்லாமல் 300 வருஷம் போனது. அந்த வெற்றிடத்தில்தான் பாக்ரத்தியோனிகள் எழுந்தார்கள்.

பாக்ரத்தியோனிகள் பைபிளில் வரும் தாவீது ராஜாவின் வம்சமா?

அவர்கள் அப்படித்தான் நம்பினார்கள். 10ஆம் நூற்றாண்டிலேயே பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் தன் நூலில், இவர்கள் தங்களைத் தாவீதுக்கும் உரியாவின் மனைவிக்கும் பிறந்த வழி என்று சொல்லிக்கொள்கிறார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். குடும்பச் சின்னத்தைப் பார்த்தாலே தெரியும்: தாவீதின் சுரமண்டலம் இருக்கிறது, கோலியாத்தை வீழ்த்திய கவண் இருக்கிறது, கூடவே இயேசுவின் தையலில்லாத அங்கி. அந்த அங்கி ம்த்ஸ்கேதா என்ற பழைய தலைநகரில், ஸ்வெதித்ஸ்கோவெலி பேராலயத்துக்கு அடியில் புதைந்திருக்கிறது என்பது அந்த மக்களின் நம்பிக்கை.

வரலாற்று ஆய்வில் நிற்பது வேறு. ஆர்மீனியாவில் பக்ரதூனி என்றொரு பெரிய பிரபுக் குடும்பம் இருந்தது. 772இல் அரேபியர்களுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சி தோற்றபோது அதில் ஒரு கிளை வடக்கே நகர்ந்து கார்த்லி பக்கம் வந்து சேர்ந்தது என்பதுதான் பல ஆய்வாளர்கள் ஏற்கும் கருத்து. ஜார்ஜியாவில் இதை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு, அந்த வாதம் சூடாகவே நடக்கும். என்னைக் கேட்டால், தாவீதின் வழி என்பது ரத்தக் கணக்கில் நிற்காவிட்டாலும் அரசியல் கணக்கில் அதற்குப் பெரிய வேலை இருந்தது. சுற்றிலும் கலீஃபாவும் பேரரசரும் இருக்கும்போது, யாரும் கொடுக்காமல் கடவுளிடமிருந்தே வந்த பட்டம் என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் வழி.

முதல் பெரிய பெயர் அஷோத். 813 வாக்கில் அரேபியர்களின் கை எட்டாத தென்மேற்கு மலைப்பகுதிக்குப் போய், அர்தானுஜி என்ற கோட்டையைப் பிடித்து உட்கார்ந்தார். பைசாந்தியப் பேரரசர் அவருக்கு குரோபலாத்தேஸ் என்ற அரண்மனைப் பட்டம் கொடுத்தார். அந்தப் பகுதியின் பெயர் தாவோ-கிளார்ஜெத்தி, இன்று துருக்கிக்குள் இருக்கிறது. 888இல் அதே குடும்பத்தைச் சேர்ந்த அதர்னாசே, கார்த்வெலிகளின் மன்னர் என்ற பழைய பட்டத்தை மீட்டெடுத்தார்.

துண்டு துண்டாகக் கிடந்த நாடு எப்படி ஒன்றானது?

போரால் இல்லை, பாதிக்குமேல் வாரிசுரிமையால். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாவோவை ஆண்டவர் தாவித் குரோபலாத்தேஸ். பிள்ளை இல்லை. பைசாந்தியத்தில் பேரரசர் இரண்டாம் பாசிலுக்கு எதிராகக் கலகம் வந்தபோது 979இல் இவர் 12,000 குதிரைப்படையினரை அனுப்பிக் காப்பாற்றினார். அந்தப் போரில் கிடைத்த செல்வத்தில்தான் கிரேக்கத்தின் அதோஸ் மலையில் ஐவிரோன் மடம் எழுந்தது, இன்றும் நிற்கிறது. இந்தத் தாவித் தன் உறவுக்காரச் சிறுவன் பக்ரத்தைத் தத்தெடுத்தார். பக்ரத்தின் தந்தை வழியில் கார்த்வெலிகளின் மன்னர் பட்டம் வரவேண்டியிருந்தது. தாய் குராந்துக்த் மேற்கே இருந்த அப்காசிய அரச குடும்பத்துப் பெண். அவளுடைய சகோதரர் தியோதோசியஸை அவருடைய சொந்தச் சகோதரரே முன்பு குருடாக்கியிருந்தார், வாரிசும் இல்லை. ஆக மூன்று திசையிலிருந்தும் சொத்து ஒரே பையனின் தலையில் வந்து சேர்ந்தது. 978இல் அப்காசியாவின் மன்னர், 1008இல் தந்தை இறந்ததும் கார்த்வெலிகளின் மன்னர். ஒன்றுபட்ட ஜார்ஜியாவின் முதல் மன்னர் மூன்றாம் பக்ரத் இவர்தான். குதைசி நகரில் குன்றின் மேல் இருக்கும் பக்ரத் பேராலயம் இவர் கட்டியது.

மூன்றாவது பங்கான தாவோ மட்டும் கைக்கு வரவில்லை. பாசிலுக்கு எதிரான அடுத்த கலகத்தில் வளர்ப்புத் தந்தை தவறான பக்கம் நின்றுவிட்டார், அதற்குத் தண்டனையாக நாட்டைப் பேரரசருக்கே எழுதிக்கொடுக்க வேண்டியதாயிற்று. அவர் இறந்ததும் பாசில் வந்து எடுத்துக்கொண்டார்.

"கட்டியெழுப்பியவர்" என்று ஒரு மன்னரைச் சொல்கிறார்களே, அவர் யார்?

நான்காம் தாவித், அக்மஷெனெபெலி. 1089இல் பட்டத்துக்கு வந்தபோது வயது 16. செல்ஜுக் துருக்கியர்கள் ஒவ்வொரு வருஷமும் மந்தைகளோடு வந்து இறங்கி வயல்களை மேய்ச்சல் நிலமாக்கிக்கொண்டிருந்த காலம் அது. தந்தை இரண்டாம் கியோர்கி கப்பம் கட்டி ஓய்ந்துபோயிருந்தார். தாவித் முதலில் செய்தது திருச்சபையைச் சீர்திருத்தியது, அப்புறம் பிரபுக்களை நம்பாமல் ஒரு படையைக் கட்டியது. காக்கசஸுக்கு வடக்கே இருந்த கிப்சாக் மக்களின் தலைவர் மகளை மணந்து, 40,000 கிப்சாக் குடும்பங்களை நாட்டுக்குள் குடியேற்றினார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர் சொல்கிறார். 1121 ஆகஸ்ட் 12 அன்று திட்கோரியில் தன்னைவிடப் பெரிய படையை வென்றார், அடுத்த வருஷம் திபிலிசி கைக்கு வந்தது.

குதைசிக்குப் பக்கத்தில் கெலாத்தி என்ற மடத்தை 1106இல் தொடங்கியவரும் இவர்தான். அங்கே ஆலயத்துக்குள் போய் இவருடைய கல்லறையைத் தேடாதீர்கள். அது மடத்தின் பழைய தெற்கு வாசலில் தரையில் கிடக்கிறது, வாசலின் அகலத்துக்கு நீண்ட ஒரு கல். உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் தன் நெஞ்சின் மேல் மிதித்துத்தான் போகவேண்டும் என்று அவரே விரும்பியதாகச் சொல்கிறார்கள். கல்லில் பழைய ஜார்ஜிய எழுத்தில் சங்கீதம் 132இலிருந்து ஒரு வரி: என்றென்றைக்கும் நான் தங்கும் இடம் இது என்ற பொருளில். பெரிய பெரிய எழுத்துகள், கல் நடுவில் தேய்ந்திருக்கிறது. இப்போது யாரும் அதை மிதிப்பதில்லை, சுற்றிப் போகிறார்கள்.

தமார் அரசியா, அரசரா?

பட்டத்தில் பார்த்தால் அரசர்தான். ஜார்ஜிய மொழியில் ஆண்பால் பெண்பால் பேதமே கிடையாது. அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் ஒரே சொல். நாட்டை ஆள்பவருக்கு மெப்பே என்று பெயர், மன்னரின் மனைவிக்கு தெதோபாலி. தமாரை அந்த மக்கள் தமார் மெப்பே என்றுதான் சொல்கிறார்கள். தமிழில் அரசன், அரசி என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டியிருப்பதால் நாம் அரசி என்று எழுதுகிறோம், அதில் அந்தப் பட்டத்தின் எடை கொஞ்சம் குறைந்துவிடுகிறது.

பட்டத்துக்கு வந்த வழி அவ்வளவு சுத்தமானது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தமாரின் தந்தை மூன்றாம் கியோர்கி இளைய மகன். அவருடைய அண்ணன் மகன் தெம்னா உரிமைப்படி எனக்குத்தான் வரவேண்டும் என்று 1177இல் பிரபுக்களின் துணையோடு கிளம்பினான். கியோர்கி அவனைப் பிடித்துக் கண்களைக் குருடாக்கி, ஆண்மையையும் அறுக்கச் செய்தார், அதில் அவன் செத்துப்போனான். அடுத்த வருஷமே மகள் தமாரைத் தன்னோடு சேர்த்து முடிசூட்டினார், தான் உயிரோடு இருக்கும்போதே அவளை மன்னராக்கிவிட்டால் பிறகு யாரும் கேட்கமுடியாது என்று.

1184இல் தந்தை இறந்ததும் பிரபுக்கள் கேட்டார்கள். கருவூல அதிகாரி குத்லு அர்ஸ்லான், அரண்மனைக்கு வெளியே கரவி என்று ஒரு கூடாரம் போட்டு அங்கே நாங்கள் முடிவெடுப்போம், மன்னர் ஒப்புதல் கொடுத்தால் போதும் என்றார். தமார் அவரைச் சிறையில் தள்ளினார். ஆதரவாளர்கள் ஆயுதத்தோடு கூடியதும், பேச்சு நடத்த இரண்டு பிரபுக் குடும்பத்துப் பெண்களை அனுப்பிவைத்தார். சண்டை இல்லாமல் முடிந்தது. அந்தக் காலத்தில் அரண்மனை விவகாரம் ஒன்று ரத்தம் சிந்தாமல் முடிவது எவ்வளவு அபூர்வம் என்று தெம்னாவின் கதையைப் படித்தவர்களுக்குத் தெரியும். அவருடைய ஆட்சியில் யாருக்கும் மரணதண்டனையோ உறுப்பு அறுக்கும் தண்டனையோ கொடுக்கப்படவில்லை என்று அவர் காலத்தை எழுதியவர் பெருமையாகவே குறிப்பிடுகிறார்.

கல்யாண விஷயமும் அப்படித்தான். பிரபுக்கள் பார்த்துக் கட்டிவைத்த ரஷ்ய இளவரசன் யூரி குடித்துவிட்டு நாசம் செய்கிறவன் என்று சொல்லி, இரண்டே வருஷத்தில் விலக்கு வாங்கி நாட்டைவிட்டே அனுப்பினார். படையோடு திரும்பி வந்தான், தோற்றான். அடுத்து தமார் தானே தேர்ந்தெடுத்தது தாவித் சோஸ்லான், நல்ல போர்த்தலைவர். 1195இல் ஷம்கோரிலும் 1200களின் தொடக்கத்தில் பசியானியிலும் கிடைத்த வெற்றிகளில் அவருக்குப் பெரிய பங்கு. 1204இல் சிலுவைப்போர்க்காரர்கள் கான்ஸ்டன்டினோப்பிளைச் சூறையாடிக்கொண்டிருந்த நேரத்தில், கருங்கடல் கரையில் த்ரெபிசோந்து என்ற தனிப் பேரரசு உருவாகத் துணை நின்றவரும் தமார்தான். ஷோத்தா ருஸ்தவேலி தன் புலித்தோல் வீரன் காவியத்தை அவருக்கே காணிக்கையாக்கினார்.

தமாருக்குப் பிறகு ஏன் அவ்வளவு வேகமாகச் சரிந்தது?

ஒரு சொல்லில் சொன்னால் மங்கோலியர்கள். ஆனால் வாசலைத் திறந்துவிட்டது பங்காளிச் சண்டை.

தமாரின் மகன் லாஷா கியோர்கி, சாதாரணக் குடும்பத்துப் பெண்ணோடு வாழ்ந்தார், திருச்சபை அந்த உறவை ஏற்கவில்லை. அவர்களுக்குப் பிறந்த பையன் தாவித். 1223இல் லாஷா இறந்ததும் பட்டம் தங்கை ருசுதானுக்குப் போனது. அவருக்கும் ஒரு மகன், அவன் பெயரும் தாவித். தன் மகனுக்குப் போட்டி வந்துவிடக் கூடாதென்று அண்ணன் மகனைத் தன் மருமகன், இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ரூம் சுல்தான் கைகுஸ்ராவிடம் அனுப்பிச் சிறையில் வைக்கச் செய்தார் ருசுதான். இதற்கு நடுவே குவாரஸ்ம் நாட்டுச் சுல்தான் ஜலாலுத்தீன் 1226இல் திபிலிசியைச் சிதைத்தார், பின்னாலேயே மங்கோலியர்கள் வந்தார்கள். 1245இல் ருசுதான் இறந்தார். 1246இல் குயுக் கானின் முடிசூட்டு விழாவுக்கு இரண்டு தாவித்துகளும் மங்கோலியா வரை போய், யார் மன்னர் என்று கேட்டு நின்றார்கள். கான் இருவரையுமே மன்னராக்கிவிட்டார்! மூத்தவர் தாவித் உலு, இளையவர் தாவித் நரீன். நாடு பிளந்துபோக ஒரு கையெழுத்துப் போதுமாயிருந்தது. 1259இல் நரீன் மேற்கே குதைசிக்கு ஓடித் தனியாக ஆளத் தொடங்கினார்.

இடையில் நிமிர்ந்த காலமும் உண்டு. 1289இல் இரண்டாம் தெமெத்ரே, தான் போகாவிட்டால் நாடு அழியும் என்று தெரிந்தே மங்கோலிய இல்கானிடம் போய்த் தலையைக் கொடுத்தார். அவருக்குத் தவ்தாதெபுலி, தன் தலையை ஈந்தவர், என்றே பெயர். அவருடைய மகன் ஐந்தாம் கியோர்கி நாட்டைத் திரும்ப ஒன்றாக்கினார். பிறகு தைமூர், 1386 முதல் 1403 வரை எட்டுமுறை படையெடுப்பு. அதிலிருந்து ஒன்றுபட்ட அரசு எழுந்திருக்கவே இல்லை.

மூன்று ராஜ்ஜியம் எப்போது வந்தது? மன்னர்களின் எண் ஏன் இவ்வளவு குழப்பம்?

1490 வாக்கில் பிரிவினையை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள்: நடுவில் கார்த்லி, கிழக்கே ககேத்தி, மேற்கே இமெரேத்தி. மூன்றிலும் பாக்ரத்தியோனிகளே மன்னர்கள், எல்லாரும் பங்காளிகள். எண் குழப்பத்துக்குக் காரணம் இதுதான். ஒன்றுபட்ட ஜார்ஜியாவை ஆண்ட எட்டாம் கியோர்கி, நாட்டை இழந்து ககேத்தியில் போய் அமர்ந்ததும் அங்கே முதலாம் கியோர்கி ஆகிவிட்டார். ஒரே மனிதர், இரண்டு எண்! ஆகவே ஒரு மன்னரின் பெயரைப் பார்த்தால் எண்ணை நம்பாதீர்கள், எந்த ராஜ்ஜியம், எந்த வருஷம் என்று பாருங்கள்.

தாதியானி, குரியேலி, ஜாகேலி இவர்களும் அரச குடும்பமா?

இல்லை, சிற்றரசர்கள். சமெக்ரெலோவில் தாதியானி, குரியாவில் குரியேலி, அப்காசியாவில் ஷெர்வஷித்ஸே, தெற்கே சம்த்ஸ்கேயில் ஜாகேலி. இமெரேத்தி மன்னரைவிடப் பலசாலியாக இருந்த தாதியானிகளும் உண்டு, ஆனால் மெப்பே என்ற பட்டம் பாக்ரத்தியோனிகளுக்கு மட்டும். சுக்திதியில் தாதியானி அரண்மனை இப்போது அருங்காட்சியகம். அந்தக் குடும்பத்துப் பெண் ஒருவர் நெப்போலியனின் தங்கை பேரனை மணந்ததால் நெப்போலியனின் மரண முகமூடி ஒன்று அங்கே இருக்கிறது.

ஜார்ஜிய மன்னர்கள் சிலர் முஸ்லிம்களாக இருந்தது உண்மையா?

உண்மை. அதை வைத்து அவர்களைத் துரோகிகள் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1555 அமாசியா ஒப்பந்தத்தில் துருக்கியும் பாரசீகமும் ஜார்ஜியாவை ஆளுக்குப் பாதியாகப் பங்குபோட்டுக்கொண்டன, நாட்டின் மன்னர்களை யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கார்த்லியில் மன்னராக வேண்டுமானால் பாரசீக மன்னரான ஷாவின் ஒப்புதல் வேண்டும், ஒப்புதலுக்கு மதம் மாறவேண்டும். மறுத்த இரண்டாம் லுவார்சாபை 1622இல் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். மாறிய ரோஸ்தோம் 1633 முதல் கால் நூற்றாண்டு ஆண்டார், ஊர் கொஞ்சம் மூச்சுவிட்டது, ஆலயங்களைப் பழுதுபார்க்கவும் முடிந்தது.

பதினொன்றாம் கியோர்கியின் கதை இன்னும் விசித்திரம். பாரசீகர்களுக்கு அவர் குர்கின் கான். சொந்த நாட்டில் ஷாவை எதிர்த்தவரை, ஷா காந்தகாருக்கு ஆளுநராக அனுப்பினார். 1709இல் அங்கே மிர்வைஸ் ஹோதக் அவரைக் கொன்று எழுப்பிய கிளர்ச்சிதான் கடைசியில் பாரசீக சஃபாவி அரசையே கவிழ்த்தது.

கோவாவில் கிடைத்த எலும்பு எந்த அரசியுடையது?

கெதேவான். இந்த ஒரு கதைக்காகவே இந்த வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன் என்றும் சொல்லலாம்.

அவர் முக்ரானி கிளையில் பிறந்த பாக்ரத்தியோனிப் பெண், ககேத்தி இளவரசர் தாவித்தின் மனைவி, சீக்கிரமே விதவையானவர். 1605இல் அவருடைய கொழுந்தன் கான்ஸ்டன்டைன், பாரசீக அரண்மனையில் வளர்ந்து மதம் மாறியவர், ஷா முதலாம் அப்பாஸ் அனுப்பி வந்து தன் சொந்தத் தகப்பனையும் அண்ணனையும் கொன்று பட்டத்தைப் பிடித்தார். கெதேவான் பிரபுக்களைத் திரட்டிப் போரிட்டார், அதில் கான்ஸ்டன்டைன் செத்தார். தன் 16 வயது மகன் தெய்முராஸை மன்னராக்கினார். 1614 வாக்கில் ஷா படையோடு வந்தபோது சமாதானம் பேசப் பிணையாகப் போனவரும் அவரே. திரும்பவில்லை. பேரன்கள் இருவரை ஷா ஆண்மை நீக்கினார். ககேத்தியிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைப் பாரசீகத்துக்குக் கடத்தினார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் ஈரானின் பெரேய்தான் பகுதியில் இன்றும் ஜார்ஜிய மொழி பேசுகிறார்கள்.

பத்து வருஷம் ஷிராஸில் காவலில் இருந்தார். மதம் மாறச் சொன்னார்கள், மாட்டேன் என்றார். 1624 செப்டம்பரில் பழுக்கக் காய்ச்சிய இடுக்கிகளால் உடலைக் கிழித்துக் கொன்றார்கள். ஷிராஸில் இருந்த போர்ச்சுகீசிய அகஸ்தீன் துறவிகள் எலும்புகளை எடுத்துப் பாதுகாத்தார்கள். ஒரு பகுதியை மகனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், ஒரு கை எலும்பு 1627இல் கோவாவுக்கு வந்தது. பழைய கோவாவின் அகஸ்தீன் மடத்தில், அவைக்கூடத்துச் சிற்றாலயத்தின் இரண்டாவது சன்னலருகே ஒரு கற்பேழையில் வைத்ததாகப் போர்ச்சுகீசியக் குறிப்புகள் சொல்லின. அந்த மடம் இடிந்து, கோபுரத்தில் பாதி மட்டும் நின்றது. தொல்லியல் துறை தோண்டியபோது எலும்பு கிடைத்தது. ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வகத்தில் அதன் தாய்வழி மரபணுவைப் பார்த்தார்கள், இந்தியர்களிடம் காணப்படாத வகை, ஜார்ஜியர்களிடம் இருப்பது. 2013இல் முடிவு வெளியானது. 2021 ஜூலையில் இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் திபிலிசிக்கு நேரில் எடுத்துப்போய் அன்பளிப்பாகக் கொடுத்தார். 397 வருஷம் கழித்து வீடு திரும்பினார் கெதேவான்.

ஜார்ஜியா ரஷ்யாவிடம் தானாகப் போனதா, விழுங்கப்பட்டதா?

பாதுகாப்புத் தேடிப் போனது, விழுங்கப்பட்டது.

இரண்டாம் எரெக்லே 1720இல் பிறந்தவர். 17 வயதில் நாதிர் ஷாவோடு இந்தியப் படையெடுப்புக்கு வந்தவர், டெல்லி சூறையாடப்பட்ட அதே பயணம். 1762இல் கார்த்லியும் ககேத்தியும் அவர் கீழ் ஒன்றாயின. நாற்பது வருஷம் சண்டையிலேயே கழித்தவர், ஒரு கிறிஸ்தவப் பேரரசின் துணை இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியாது என்று 1783இல் ரஷ்யாவோடு கியோர்கியெவ்ஸ்க் ஒப்பந்தம் போட்டார். வெளியுறவை ரஷ்யாவிடம் விட்டுக்கொடுத்தார்; பதிலுக்கு எல்லையைக் காப்போம், பாக்ரத்தியோனிகளின் பட்டம் என்றைக்கும் நிலைக்கும் என்று எழுதிக்கொடுத்தார்கள். 1795 செப்டம்பரில் பாரசீகத்தின் ஆகா முகமது கான் படையோடு வந்தபோது ரஷ்யப் படை வரவில்லை. 74 வயதுக் கிழவர் கர்த்ஸானிசியில் தானே நின்று சண்டைபோட்டார். திபிலிசி எரிந்தது.

அதே நேரத்தில் வீட்டுக்குள் இன்னொரு நெருப்பு. எரெக்லேவுக்கு இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். மனைவி தரேஜானின் வற்புறுத்தலில் 1791இல் ஓர் உயில் எழுதினார்: பட்டம் மகனுக்கு மகன் என்று போகாமல், அண்ணனுக்குப் பிறகு தம்பி என்று போகவேண்டும். மூத்த மகன் பன்னிரண்டாம் கியோர்கி, தரேஜானின் பிள்ளை இல்லை. 1798இல் பட்டத்துக்கு வந்ததும் உயிலை ரத்துசெய்து, தன் மகன் தாவித்தை வாரிசாக ஏற்கும்படி ஜாருக்கு எழுதினார். தம்பிகள் ஆயுதம் எடுத்தார்கள். மன்னரும் நோயாளி. 1800 டிசம்பர் கடைசியில் அவர் இறந்தார். அதற்குச் சில நாள் முன்பே ஜார் முதலாம் பவுல் நாட்டை இணைக்கும் ஆணையில் கையெழுத்துப் போட்டுவிட்டார். 1801 செப்டம்பரில் ஜார் அலெக்சாண்டர் அதை உறுதிசெய்தார். ஒப்பந்தத்தில் இருந்த உறுதிமொழிக்கு 18 வருஷம்தான் ஆயுள். அண்ணன் தம்பி ஒரு பக்கமாக நின்றிருந்தால் ரஷ்யாவுக்கு இது இவ்வளவு சுலபமாக இருந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அரச குடும்பத்தை ஒவ்வொருவராக ரஷ்யாவுக்கு நாடுகடத்தினார்கள். 1803 ஏப்ரலில் கியோர்கியின் விதவை மரியமைக் கூட்டிப்போக ஜெனரல் லாசரெவ் விடியற்காலையில் அவருடைய படுக்கையறைக்கே வந்தார். மரியமுக்கு 35 வயது, அறையில் பிள்ளைகள். கட்டிலைவிட்டு எழ மறுத்தார். லாசரெவ் கிட்டே வந்து எழுப்பப் பார்த்தபோது, மறைத்துவைத்திருந்த குத்துவாளை எடுத்து விலாவில் செருகினார். அந்த இடத்திலேயே ஜெனரல் இறந்தார். மரியமை ரஷ்யாவில் ஒரு மடத்தில் ஏழு வருஷம் அடைத்துவைத்தார்கள். 1850 வரை மாஸ்கோவில் உயிரோடு இருந்தார், உடலாகத்தான் நாடு திரும்பினார். ஸ்வெதித்ஸ்கோவெலியில் அடக்கம்.

இமெரேத்தி 1810 வரை தாக்குப்பிடித்தது. அதன் கடைசி மன்னர் இரண்டாம் சொலமன் துருக்கிக்குத் தப்பி, 1815இல் த்ரெபிசோந்தில் இறந்தார்.

நெப்போலியனை எதிர்த்த ஜெனரல் பக்ரத்தியோன் இந்தக் குடும்பமா?

ஆமாம், கார்த்லி மன்னர் இயேசேயின் வழி. 1812இல் போரோதினோவில் காயம்பட்டு இறந்தார். 1944இல் பெலாரசில் சோவியத் படை நடத்திய பெரும் தாக்குதலுக்கு இவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

இப்போது மன்னர் என்று யாராவது உண்டா?

சட்டப்படி இல்லை, ஜார்ஜியா குடியரசு. உரிமை கொண்டாடும் கிளைகள் இரண்டு. முக்ரானி கிளை ஆண்வழியில் மூத்தது, ஆனால் அதன் நேர் முன்னோர்கள் கடைசிக் காலத்தில் பட்டத்தில் இல்லை. க்ருஸின்ஸ்கி கிளை கடைசி மன்னர் பன்னிரண்டாம் கியோர்கியின் நேர் வழி. எது பெரிது என்று கேட்டால் பழைய உயில் சண்டை மாதிரியே முடிவில்லாமல் போகும். 2007இல் திருச்சபைத் தலைவர் இரண்டாம் இலியா அரசியலமைப்புக்கு உட்பட்ட முடியாட்சி வரலாமே என்று பேசினார். 2009 பிப்ரவரியில் முக்ரானி கிளையின் தாவித்தும் க்ருஸின்ஸ்கி கிளையின் அனாவும் திபிலிசி திரித்துவப் பேராலயத்தில் மணந்துகொண்டார்கள். 2011இல் இரண்டு வழியும் சேர்ந்த ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அந்த மணம் 2013இல் முறிந்தது.

தமாரின் கல்லறை எங்கே?

தெரியாது, யாருக்கும் தெரியாது. 1213இல் இறந்ததும் குடும்பத்துக் கல்லறையான கெலாத்தியில் அடக்கம் செய்தார்கள் என்பது வழக்கமான பேச்சு, அங்கே கல் எதுவும் கிடைக்கவில்லை. சிலுவைப்போர் காலத்துக் கடிதம் ஒன்று, மகன் தன் தாயின் எலும்புகளை எருசலேமுக்குக் கொண்டுவரப்போவதாகச் சொல்கிறது. அதனால் அங்கே ஜார்ஜியர்கள் வைத்திருந்த திருச்சிலுவை மடத்தில் இருக்கலாம் என்பவர்கள் உண்டு. எதிரிகள் தோண்டிவிடக் கூடாதென்று இரவில் பல சவப்பெட்டிகளைப் பல திசையில் அனுப்பினார்கள் என்று ஊரில் ஒரு கதை. முகம் மட்டும் கிடைத்திருக்கிறது, அவர் காலத்திலேயே வரைந்த நான்கு சுவரோவியங்களில். வர்த்சியா குகை மடத்தில் இருப்பது மணமாவதற்கு முன்னர் வரைந்தது: தந்தை கியோர்கிக்குப் பின்னால் நிற்கும் இளம்பெண், தலையில் கிரீடம், நீட்டிய கைகளில் அந்த ஆலயத்தின் சின்ன உருவம்.